பூக்கார அம்மாவின் குரல் எந்தக் கோப்பில் இருக்கிறது?

பெங்களூரில் இயங்கும் நம் சமூக வானொலியின் நிர்வாகக் குழுவினருக்கும், தமிழ் நிகழ்ச்சிப் பிரிவில் உழைக்கும் எல்லாருக்கும்,

வணக்கம்.

வரும் மாதக் கூட்டத்தில், ஒலிபரப்பைத் தானாக ஓட்டும் புதிய ஆட்டோமேஷன் மென்பொருளுக்கு ஒப்புதல் தரப்போவதாக அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். மூன்று வருடச் சந்தா, வருடத்துக்கு 84,000 ரூபாய், முதல் வருடப் பணம் முன்பணமாக. விற்பனைப் பிரதிநிதி வந்து செய்துகாட்டிய அன்று நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரை பார்க்க நன்றாகவே இருந்தது. ஒரு பாட்டு அடங்கும் இடத்தில் அடுத்த பாட்டு வந்து சேர்ந்த விதத்தில் ஒரு நேர்த்தி இருந்தது. ஆனால் அவர் ஓட்டிக்காட்டிய இருபது பாட்டும் அவரே பென் டிரைவில் கொண்டுவந்தவை. நம் நிலையத்தின் ஒலிப்பதிவு ஒன்றுகூட அன்று அந்தத் திரையில் ஏறவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் நம் சரக்கை ஏற்றி, நம் ஆட்களை உட்காரவைத்து, ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

தூரவாணிநகர் ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். ஸ்ட்ரௌஜர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தொடங்கி எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வரை கையால் தொட்டவன். ஓய்வு பெற்றபின் பத்து வருடமாக நம் நிலையத்தில் சனிக்கிழமை மாலை நேரம் என் பொறுப்பு. அதனால் இயந்திரம் எனக்குப் பகை கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் இல்லாத ஸ்டுடியோவிலிருந்து பாட்டு போய்க்கொண்டிருக்க வேண்டுமென்றால் ஆட்டோமேஷன் வேண்டும்தான். எது என்பதில்தான் என் கவலை.

பூக்கார அம்மாவை உங்களில் பழையவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸ்ரீராமபுரத்தில் வீடு, கே.ஆர். மார்க்கெட்டில் நாற்பது வருடம் பூ வியாபாரம். 2016-ல் அவரை உட்காரவைத்து ஒன்றே கால் மணி நேரம் பதிவு செய்தோம். தர்மபுரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தது, விடியற்காலை மூன்று மணிக்குச் சாமந்தி மூட்டை இறங்குவது, கன்னடத்தில் பேரம் பேசக் கற்றுக்கொண்டது, எல்லாம் சொன்னார். நடுவில் ஒரு தாலாட்டு பாடினார். அதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

2021-ல் நம் பழைய மென்பொருள் நின்றுபோனது. கணினியின் பின்னால் செருகியிருக்கும் டாங்கிள், அதாவது அந்த மென்பொருளைத் திறக்கும் சாவி, கெட்டது. மாற்று டாங்கிள் தர வேண்டிய நிறுவனம் அந்த மென்பொருளை விற்பதையே நிறுத்தியிருந்தது. ஒலிக்கோப்புகள் எல்லாம் ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருந்தன. ஆனால் எந்தக் கோப்பில் யார் பேசுகிறார், எந்தத் தேதி, என்ன விஷயம் என்ற பட்டியல் முழுக்க அந்த மென்பொருளின் பூட்டுக்குள் இருந்தது. கோப்புகளுக்கு வெளியே இருந்த பெயர்கள் வெறும் எண்கள். நாலாயிரத்துச் சொச்சம் எண்கள்.

2023-ல் அந்த அம்மா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மாவின் குரலைப் போட வேண்டும் என்று மகள் நம் வாசலில் வந்து நின்றார். நாங்கள் நாலு பேர், நாலு ஹெட்ஃபோன், ஒவ்வொரு கோப்பாகத் திறந்து கொஞ்ச நேரம் கேட்டுக் கேட்டு மூடினோம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தும் காரியம் முடிந்து நாலாம் நாள்தான் கிடைத்தது. மகள் அதைத் தன் போனில் வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோப்பு இன்றைக்கும் எண்ணாகத்தான் கிடக்கிறது. என் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் அதன் எதிரே பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகவே பிரதிநிதியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நாங்கள் உங்களை விட்டுப் போகும் நாளில் எங்கள் பட்டியலை எந்த வடிவத்தில் எடுத்துக்கொண்டு போவோம்? சாதாரண அட்டவணைக் கோப்பாக, எந்தக் கணினியிலும் திறக்கும்படி, தமிழ் எழுத்து சிதையாமல் வர வேண்டும். வாயால் "வரும்" என்று சொன்னால் போதாது. நம் கண்முன்னால் ஐம்பது பதிவை ஏற்றி, பட்டியலை வெளியே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து காட்டட்டும். சந்தா நின்ற மறுநாள் நம் பட்டியலை நாமே பார்க்க முடியுமா என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். அன்றைக்கு அவர் விநியோகித்த விலைப்பட்டியலை இரண்டு முறை படித்தேன். இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்தது தமிழ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள், ஏனென்றால் இங்கேதான் பெரிய பெரிய மென்பொருள்களும் சறுக்குகின்றன.

பழைய எம்பி3 கோப்புகளின் உள்ளே இருக்கும் குறிப்பில் தலைப்புக்கு 30 பைட் இடம்தான். ஆங்கிலத்துக்கு 30 எழுத்து. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்குறியீட்டில், தமிழை வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் எழுதும்போது ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆகிறது. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். "பெங்களூரு" என்ற ஒற்றைச் சொல்லுக்கு 27 பைட் போய்விடும். மீதி மூன்று பைட்டில் இன்னும் ஒரே ஒரு குறி. புதிய வகைக் குறிப்புகளில் இந்த நெருக்கடி இல்லை. ஆனால் மென்பொருள் எதைப் படிக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். பட்டியலைச் சேமிக்கும் தரவுத்தளத்தைத் தொடங்கும்போது ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டும் அமைத்துவிட்டால் தமிழும் கன்னடமும் வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறிவிடும். ஒருமுறை கேள்விக்குறியாகச் சேமித்தால் அதைத் திரும்ப எழுத்தாக்க வழியே கிடையாது.

இதைவிட நுணுக்கமான ஒரு சிக்கல் உண்டு. "கொ" என்று நாம் பார்க்கும் எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரத்துக்கான ஒரே குறி, இது ஒரு விதம். ககரம், அதோடு ஒற்றைக்கொம்பு, பிறகு தனியாகத் துணைக்கால், இது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடு விதியே சொல்கிறது. ஆனால் தேடுபொறி எழுதியவர் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், "பொங்கல்" என்று ஒருவர் ஏற்றிவைத்த நிகழ்ச்சியை இன்னொருவர் "பொங்கல்" என்று தேடினால் கிடைக்காது. நம் நிலையத்தில் ஒருவர் போனிலும் ஒருவர் கணினியிலும், ஆளுக்கொரு விசைப்பலகையில் அடிக்கிறார்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய பெயர்களும் நிறைய இருக்கின்றன. "ஔவையார்" என்பதில் ஔ-வுக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடித்தவர்களும் இருக்கிறார்கள். அதை விதியும் ஒன்றாக ஏற்காது, நாம்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும். கன்னடத்திலும் ஒகரக் குறிக்கு இதே இரட்டை வழி உண்டு என்று கன்னடப் பிரிவு நண்பர் சொன்னார். இந்த மடலின் கன்னடப் பிரதியையும் அவர்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

செய்துகாட்டல் நாளில் பிரதிநிதி தேடிக் காட்டிய பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. நம்மிடம் ஒரே தாலாட்டுக்கு ஆங்கில எழுத்தில் மூன்று விதமான பெயர் இருக்கிறது. இனியாவது தமிழை ஒரே சீராகத் தமிழிலேயே எழுதிவைப்போம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொரு சம்பவம். போன வருடம், சனிக்கிழமை, நேரலை அழைப்பு நேரம். பின்னி மில்லில் வேலை பார்த்த ஒரு பெரியவர் அழைத்தார். வழக்கமாகப் பழைய மில் கதை சொல்பவர், அன்றைக்கு மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சங்கு ஊதும் நேரத்துக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கேட் வரை கொண்டுவந்து கொடுப்பாராம். பேசிக்கொண்டே வந்தவருக்குத் தொண்டை அடைத்தது. கொஞ்சம் மௌனம். நான் மைக்கில் ஒன்றும் பேசாமல் அவருக்காகக் காத்திருந்தேன். சரியாக ஏழு மணி. மென்பொருள் அவரை வெட்டிவிட்டுச் செய்திக்குத் தாவியது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றிப் பார்த்தேன், மவுஸைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன், மூன்று திரை தாண்டிப் போய் நிறுத்துவதற்குள் செய்தி பாதி ஓடிவிட்டது. திரும்ப அழைத்தால் அவர் எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவரே அழைத்தார். ஒலிபரப்புக்கு முன் என்னிடம் தனியாகக் கேட்டார்: "நான் ஏதாச்சும் தப்பா பேசிட்டேனா சார்?"

நேரத்துக்கு நிகழ்ச்சியைத் தொடங்குவதில் இரண்டு வகை வைக்கலாம். ஓடுவதை உடனே வெட்டிவிட்டுத் தொடங்குவது ஒன்று. ஓடுவது முடிந்தபின், அல்லது மேஜையில் இருப்பவர் விட்டபின் தொடங்குவது மற்றொன்று. நல்ல மென்பொருள்கள் ஒவ்வொரு உருப்படிக்கும் இதைத் தனித்தனியாக அமைக்க இடம் தருகின்றன. ஆகாசவாணிச் செய்தியைத் திரிக்காமல் ஒலிபரப்பத்தான் நமக்கு அனுமதி. ஆகவே அதைக் குறைக்க முடியாது. ஆனால் நாலு நிமிடம் தள்ளி, பதிவு செய்ததை முழுதாகப் போடலாமே. ஒரே விசையில், கண்ணால் தேடாமல் கையால் தட்டி, "பொறு" என்று சொல்லும் வசதி வேண்டும். அந்த விசை மேஜையில் ஒட்டிய சிவப்புப் பொத்தானாக இருந்தால் இன்னும் நல்லது. இருபது பாட்டு ஓடிய செய்துகாட்டலில் மனிதக் குரல் ஒன்றுகூட இல்லாததால் இந்தக் கேள்வியே எழவில்லை.

பெஸ்காம் மின்வெட்டு, யூபிஎஸ், ராத்திரி தானாகவே புதுப்பித்துக்கொண்டு மறுபடி தொடங்கும் கணினி, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். கணினி மறுபடி எழுந்ததும் யாரும் தொடாமல் விட்ட இடத்திலிருந்து ஒலிபரப்பைத் தொடருகிறதா என்பதை ஓடும்போது பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட வேண்டும். அரை நிமிடம் மௌனம் நீடித்தால் மாற்றுக் கணினிக்குத் தாவும் ஏற்பாடும் வேண்டும். ஒலிபரப்பான எல்லாவற்றையும் மூன்று மாதம் பதிவாக வைத்திருப்பது அனுமதி நிபந்தனை. அதற்கு மென்பொருள்காரர் தனிக் கட்டணம் கேட்கிறார். தேவையே இல்லை. 64 கிலோபிட் எம்பி3-ஆகப் பதிந்தால் மணிக்கு 29 எம்பி கூட ஆகாது. நாள் ஒன்றுக்கு 16 மணி நேரம், 90 நாள், கூட்டிப் பார்த்தால் 42 ஜிபிக்குள் அடங்கிவிடும். எஸ்.பி. ரோட்டில் வாங்கும் பழைய கணினி ஒன்றை மிக்ஸரின் வெளிக் கம்பியில் கட்டிப்போட்டால் முடிந்தது. ஆட்டோமேஷன் கணினியே பதிவும் செய்தால், அது விழும்போது சாட்சியும் சேர்ந்து விழும். ஆகவே தனியாகவே இருக்கட்டும்.

இப்போது எதை எடுப்பது? சில மாதமாக இலவச மென்பொருள்களை என் வீட்டுக் கணினியில் நிறுவிப் பார்த்துவருகிறேன்.

ரிவெண்டெல் என்பது லினக்ஸில் (விண்டோஸைப் போன்ற, ஆனால் இலவசமான இயங்குதளம்) ஓடும் திறமூல மென்பொருள், அதாவது மூல நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம், வானொலி நிலையங்களுக்கென்றே எழுதப்பட்டது. ஒவ்வொரு ஒலிக்கும் ஆறு இலக்க எண் கொண்ட "கார்ட்". பழைய நிலையங்களில் ஜிங்கிளை, அதாவது நிலையத்தின் சிறு இசைத்துணுக்கை, வைத்திருந்த நாடாப் பெட்டியின் பெயர் அது. திரை பழைய காலத்துத் திரை. ஆனால் மேஜையில் உட்கார்ந்திருப்பவரை மதிக்கும் மென்பொருள் இது. அடுத்து வருவது என்ன, நான் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதெல்லாம் கண்ணெதிரே இருக்கும். நிறுவுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் லினக்ஸ் தெரிந்த ஒருவர் வேண்டும், அதுதான் அதன் விலை. லிப்ரடைம் 2017-ல் ஏர்டைம் என்ற பழைய திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது. உலாவியில் நாள்காட்டி போலத் திறக்கும், யாருக்கு எந்த நேரம் என்று ஒதுக்கலாம், வீட்டிலிருந்தே நிகழ்ச்சியை ஏற்றலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். நேரலை அழைப்பு நேரத்தில் ரிவெண்டெல் தரும் பிடிமானம் இதில் எனக்குக் கிடைக்கவில்லை. அசுராகாஸ்ட் இணைய ஒலிபரப்புக்கு அருமையானது, நம் இணைய ஓடைக்கு எடுத்துக்கொள்ளலாம். டிரான்ஸ்மிட்டர் மேஜைக்கு அது பொருந்தாது. ரேடியோடிஜே விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கிறது, கற்பது சுலபம். ஆனால் மூல நிரல் திறக்கப்படாதது. டாங்கிளில் பட்ட சூடு இருப்பதால் எனக்கு அங்கே தயக்கம். நம் நாட்டுச் சமூக வானொலிகளுக்கென்று தில்லியில் கிராம் வாணி குழுவினர் உருவாக்கிய கிரின்ஸும் இருக்கிறது. கேட்பவரின் போன் அழைப்பும் ஒலிப்பட்டியலும் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்று முதலிலேயே யோசித்துக் கட்டியது. அதை நம் கணினியில் ஏற்றிப் பார்க்க எனக்கு ஒரு துணை வேண்டும்.

என் மனம் ரிவெண்டெல் பக்கம் சாய்கிறது. மறைக்கவில்லை. ஆனாலும் என் சாய்வை வைத்து முடிவெடுக்க வேண்டாம். யார் உட்காருகிறார்களோ அவர்கள் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

"திறமூலம் என்றால் பழுது பார்க்க யாரைக் கூப்பிடுவது?" என்று பொருளாளர் அம்மா அன்றைக்குக் கேட்டார். நியாயமான கேள்வி. பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள் நின்ற அன்றைக்கும் நமக்குக் கூப்பிட ஆள் இல்லை என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். சந்தாவுக்கு ஒதுக்கும் 84,000 ரூபாயில் பாதியை நம் தொண்டர்களில் இரண்டு பேருக்கு லினக்ஸும் தரவுத்தளமும் கற்றுத்தர ஒதுக்கினால், கூப்பிட வேண்டிய ஆள் நம் கூரைக்குள்ளேயே இருப்பார். மர்பி டவுனிலிருந்து வரும் டிப்ளமா படிக்கும் பெண்ணும், கன்னடப் பிரிவில் இருக்கும் ஆட்டோ ஓட்டுநர் தம்பியும் இப்போதே பாதி வேலை தெரிந்தவர்கள்.

மாச்சனூரின் சங்கம் ரேடியோவை நினைத்துக்கொள்கிறேன். 2008 அக்டோபரில் அது ஒலிபரப்பைத் தொடங்கியபோது மேஜையில் உட்கார்ந்தவர்கள் ஜெனரல் நர்சம்மாவும் அல்கோல் நர்சம்மாவும், தெலங்கானா கிராமத்து தலித் பெண்கள். அதற்கு நாலு வருடம் முன்பு சென்னையில் அண்ணா எஃப்எம் தொடங்கியபோது கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் அனுமதி. 2006-க்குப் பிறகுதான் தொண்டு அமைப்புகளுக்கும் வழி திறந்தது. நம் பெங்களூரில் ரேடியோ ஆக்டிவ் 2007-லிருந்து ஒலிக்கிறது. இந்த அனுமதியின் நிபந்தனையே நிகழ்ச்சியில் பாதிக்குக் குறையாமல் உள்ளூர் மக்கள் பங்கெடுத்து உருவாக்கியதாக இருக்க வேண்டும் என்பதுதான். ஆகவே எந்த ஒலி உள்ளூரில் எடுத்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று குறியிட்டு, மாதக் கடைசியில் கணக்கெடுத்துத் தரும் வசதியையும் சோதனையில் சேருங்கள். பிரதிநிதி பெருமையாகக் காட்டிய அந்தக் கணினிக் குரல் அறிவிப்பாளர் எனக்கு வேண்டாம். மணி சொல்வதற்கும் பாட்டின் பெயர் சொல்வதற்கும் அல்சூரில் எத்தனை பிள்ளைகள் வாய்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள்!

சோதனை இப்படி நடக்கலாம் என்று நினைக்கிறேன். சந்தா மென்பொருளின் இலவசச் சோதனைப் பதிப்பு ஒரு கணினியில், ரிவெண்டெல் இன்னொன்றில், லிப்ரடைம் மூன்றாவதில். மூன்றிலும் நம் பழைய பதிவுகளில் அதே இருநூற்றை ஏற்றுவோம்: தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்கினி உருது, நாலும் கலந்து, பெயர்களை அந்தந்த எழுத்திலேயே எழுதி. டிரான்ஸ்மிட்டருக்குப் போகாமல் ஸ்டுடியோ ஸ்பீக்கரில் மட்டும் ஓடட்டும். சனிக்கிழமை மாலை நேரத்தை ஒரு வாரம் இதில், ஒரு வாரம் அதில் என்று ஒத்திகை பார்ப்போம். அழைப்பவராக நம்மில் ஒருவர் நடித்து, மணி ஏழு அடிக்கும்போது பேசிக்கொண்டே இருப்பார். ஒருவர் பிளக்கைப் பிடுங்குவார். இதுவரை மேஜையில் உட்காராத மூன்று பேரை அழைத்து, அரை மணி நேரம் மட்டும் சொல்லிக்கொடுத்து, தனியே விட்டுவிட்டு வெளியே நிற்போம். கடைசி நாள் மூன்றிலிருந்தும் பட்டியலை வெளியே எடுத்து, என் வீட்டுக் கணினியில் திறந்து, "பொங்கல்" என்று தேடிப் பார்ப்போம்.

கணினிகளில் இரண்டை நான் தருகிறேன். மூன்றாவது, செய்தி அறையில் துணி போர்த்திக் கிடப்பது, அதற்கு 4 ஜிபி நினைவகம் கூடுதலாகப் போட்டால் போதும். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஸ்டுடியோவைத் திறந்து வைக்கிறேன். மேலே சொன்ன இரண்டு பிள்ளைகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். குழுவிலிருந்து யாராவது ஒருவர் வந்தாலும் ஏற்றும் வேலையைத் தொடங்கிவிடலாம். முதலில் ஏற்றப்போவது என் நோட்டுப் புத்தகத்தில் எதிரே பெயர் எழுதிவைத்திருக்கும் அந்த ஒன்றே கால் மணி நேரப் பதிவு.

அன்புடன்,
தூரவாணிநகரிலிருந்து,
உங்கள் சனிக்கிழமை மாலைத் தொண்டர்